மாமன் கோடி

அன்புள்ள நந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, பகலிலேயே இருட்டிவிடுகிற அந்த ஸ்வீடன் ஊரில் தனியாக உட்கார்ந்து அழுகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். நான் கூட்டத்தில் பேசத் தெரியாதவள், அது உனக்குத் தெரியும். இப்போது காரியம் முடிந்து வேங்கிக்கால் வீடு காலியாகிவிட்டது. அப்பா ஆபீஸ் போயிருக்கிறார். போவதற்கு முன் உன் தம்பி மாறனின் சக்கர நாற்காலிக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறார், தினமும். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

கார்த்திகை மழையில் மாறனுக்குப் பிடித்த சளி நெஞ்சில் இறங்கியதையும், இருமித் துப்பக்கூட அவனுடைய தசைகளில் பலமில்லாமல் போனதையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அடக்கத்தன்று யாரோ போனை ஜன்னலில் சாய்த்து வைத்ததில் உனக்கு ஃபேன் மட்டும்தான் தெரிந்தது என்றாய். அந்த ஃபேனுக்குக் கீழே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அன்று இரவே நீ அப்பாவிடம், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், நீங்கள் சொன்னபடி மணிவேல் மாமாவையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாய். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை பிறந்ததும் தேதி குறிக்கப் போகிறாராம்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது நடந்ததிலிருந்து சொல்கிறேன். என் தாய்மாமனான உன் அப்பாவுக்கு என்னைக் கட்டி வைத்தது போல, என் தம்பி மணிவேலுக்கு உன்னைக் கொடுப்பது என்பது நீ வயதுக்கு வந்து அவன் மாமன் சீர் வைத்த அன்றே ஆன பேச்சு. யாரும் உன்னைக் கேட்கவில்லை, என்னையும் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த லீவில் கல்யாணப் பேச்சை மறுபடி எடுத்தபோது, நீ பந்தியில் உட்கார்ந்து இலையில் இருந்த மொச்சையை எடுத்து வைத்து விளக்கினாய். ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டு விதை, ஒன்று சொத்தையாக இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும், சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் ஒரே சொத்தை இரண்டு பக்கமும் இருந்து பிள்ளையிடம் போய்ச் சேர வாய்ப்பு ஜாஸ்தி, மாறனுக்கு அதுதான் நடந்தது என்றாய். மாறன்தான், அப்ப நான் டபுள் சொத்தையாக்கா என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததால்தான் உனக்கு அழுகை வந்தது. அப்பா, அப்ப எம்புள்ளைய நான்தான் கொல்றேன்னு சொல்றியா என்று இலையை மடித்துவிட்டு எழுந்தார். புழுவ வெச்சி படிக்கிற புள்ள நம்மள புழுவாட்டம் பாக்குது என்று தசரதன் பெரியப்பா சொன்னார். மணிவேல் கைகூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய்விட்டான். அதன்பிறகு மாறனைப் பார்க்கக்கூட வரவில்லை. நாம் எல்லோரும் அதைக் கோபம் என்றே நினைத்தோம்.

மாறன் போனது பௌர்ணமி அன்று. விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள், மணிவேல் மட்டும் வரவில்லை. தாய்மாமன் போர்த்துகிற புதுத்துணி, அந்த மாமன் கோடி, விழாமல் எடுக்க முடியாது. பெரியப்பா பைக்கில் போனார், கிரிவலப் பாதை முழுக்க ஜனம், போய்வரவே மதியமாகிவிட்டது. வந்து, கடையத் தொறந்து வெச்சிக்கினு இளநி சீவிக்கினு கீறான், கூப்டா நிமிர்ந்துகூடப் பாக்கல என்றார். பெண் கொடுக்காத வீட்டுக்கு அவன் எப்படிக் கோடி போடுவான் என்று என் காது கேட்கவே பேசினார்கள். ஒருத்தி, படிக்க வெச்சீங்க இல்ல, இப்ப அதுங்கிட்டயே கோடித்துணி வாங்கிக்கோங்க என்றாள். மேளக்காரர்கள் அடிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். உன் பேச்சை அவர்கள் அந்தத் தண்ணீரோடு சேர்த்து என் மேல் ஊற்றினார்கள், நான் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தேன். ஒருவேளை அந்தப் பேச்சுகளில் ஏதாவது உன் காதிலும் விழுந்துதான் அப்படிச் சம்மதம் சொன்னாயோ என்னவோ.

வெயில் தாழ்ந்த பிறகு மணிவேல் வந்தான். கையில் துணிக்கடைப் பை. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வேட்டியைப் பிரித்து மாறனின் கழுத்து வரைக்கும் போர்த்தினான், முகத்தை மூடவில்லை. பிறகு என் பக்கத்தில் குந்திக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். அக்கா, நான் கோச்சிக்கினு போவல, பயந்துக்கினு போனேன். காலைல துணிக்கடைக்குப் போய் இந்தத் துணிய வாங்கிட்டேன், எடுத்தாந்து போட கை வரல. நந்தினி நாளைக்கே வந்து கட்டிக்கிறேன்னு சொன்னாலும் நான் கட்ட மாட்டேன்க்கா, எம்புள்ளைக்கு ஒருதரம் இந்தத் துணிய வாங்க என்னால ஆவாது. மாமாகிட்ட மட்டும் என்னால சொல்ல முடியாது, என் முன்னாடியே உடைஞ்சி பூடுவாரு. இதைச் சொல்லிவிட்டு எழுந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். கூட்டம், உறவு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டது. அதன்பிறகு உன் போன் வந்தது.

அப்பாவைத் தப்பாக எண்ணாதே. நீ சம்மதித்தது அவருக்குச் சந்தோஷமில்லை, விடுதலை. உனக்கும் மணிவேலுக்கும் நல்லபடியாக ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், தன்னுடைய கல்யாணம் மாறனைக் கொல்லவில்லை என்று ஆகிவிடும் என்று நம்புகிறார். அதை அவர் சொல்லவில்லை, கூடவே இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா. அவரைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. அந்தச் சொத்தையில் பாதி என்னுடையது என்பதை அவர் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் அவருடைய ஆறுதலுக்காக ஒரு குழந்தையை வைத்துச் சோதனை செய்ய முடியாது. நூலகத்திலிருந்து உயிரியல் புத்தகம் எடுத்து வந்து மெதுவாகப் படித்தேன். உனக்குள் அந்தச் சொத்தை இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, மணிவேலுக்குப் பாதி. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

உன் படிப்பால் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை, பிறகு எதற்கு அது என்று நீ கேட்டாய். காப்பாற்ற முடியாது என்பது மாறனுக்குத் தெரியும். அக்கா மருந்தோடு வருவாள் என்று யாராவது சொன்னால், அக்காவோட புழுவே இன்னும் நேரா நகரலயாம், நான் எங்க நகர்றது என்பான். அவனுக்கு உன்மேல் குறை இருந்ததில்லை. மாறனைப் போலத் தசை பலமிழந்த அந்தப் புழுக்களை நகர வைக்க முடியுமா என்று நீ பார். முடியாமல் போனால் முடியவில்லை என்று எழுதி வை, அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். அழுதுகொண்டே செய்தாலும் சரி, விட்டுவிட்டு மட்டும் வராதே. வந்தால் இந்த வீட்டில் உனக்காகக் காத்திருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், தெரிந்தவர்களோடு இரு. உன் ரத்தத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள், எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல். மலையைச் சுற்றும்போது உனக்காக மட்டும்தான் வேண்டிக்கொண்டேன், மாறனுக்காக வேண்ட இனி ஒன்றுமில்லை. நீ நீண்ட ஆயுளோடும் உன் மனசுக்குப் பிடித்த வாழ்க்கையோடும் இருக்க வேண்டும் அம்மா.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இது உன் கைக்கு வந்து சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பா ஸ்பீக்கரில் போடுவார், போடட்டும். மாமாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன், படிப்பை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று தெளிவாகச் சொல். அவர் கத்துவார், யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார். மணிவேல் பெயரை எடுக்காதே. என் பெயரைச் சொல். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
கஸ்தூரி