ஐந்தாவது மேடு

பிப்ரவரி 9

அண்ணியோடு நீண்ட ஓட்டம். பதினாறு கிலோமீட்டர். கயிறு மாற்றிவிட்டோம். கயிறு என்றால் என் பழைய ஷூ லேஸ்தான், இரண்டு முனையிலும் வளையம் போட்டது. ஒரு வளையம் என் விரலில், இன்னொன்று அண்ணி விரலில்.

அண்ணிக்குக் கண் போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளிச்சம் மட்டும் தெரியும். “ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியும், அதுல யார் நிக்கறாங்கன்னுதான் தெரியாது” என்பார். ஓட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். அண்ணன் ஹோட்டல் சமையல்காரன். ருசி பார்க்கிறேன் என்று சட்டியில் இருப்பதில் கால்வாசியைத் தின்றுவிடுகிற ஆள், எங்கே ஓடுவது? அதனால் கொழுந்தன் தலையில் கட்டினார்கள். எனக்கொன்றும் வருத்தமில்லை. தனியாக ஓடியபோது இவ்வளவு சிரித்ததில்லை.

போட்டி அடுத்த மாதம். அரை மாரத்தான், வழியெல்லாம் ஏற்ற இறக்கம். போன வருஷம் வேறு யாரோடோ ஓடி மூன்று மணி நேரக் கெடுவைத் தவறவிட்டார். கெடு தாண்டினால் பதக்கம் கிடையாது. இந்தத் தடவை பதக்கத்தோடுதான் வீடு திரும்புவேன் என்கிறார்.

திட்டமும் அண்ணியுடையதுதான். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, மூச்சைக் கேட்க வேண்டும். சமதரையில் ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். மேட்டில் மூன்று வார்த்தை. மூன்று வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், யார் தாண்டிப் போனாலும் சரி. கடைசி மேட்டில் மட்டும் மிச்சமிருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம்.

“எத்தனை மேடு பாக்கின்னு நீ சரியா சொல்லணும் தம்பி. அதை வெச்சுத்தான் நான் மூச்சைப் பங்கு போடுவேன்.”

“நான் லிஃப்ட் மெக்கானிக், அண்ணி. மேலே போறது, கீழே வர்றது ரெண்டும் என் தொழில்.”

“அதான் நம்ம கட்டடத்துல லிஃப்டே இல்லையா?”

பிப்ரவரி 23

போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து மெயில். பெயர் பதிவு செய்தது நான் என்பதால் எனக்குத்தான் வந்தது. பாலம் அருகே சாலை வேலையாம். தண்ணீர்த் தொட்டி வழியாகத் திருப்பி விடுகிறார்கள். அங்கே இன்னொரு மேடு, பதினெட்டாவது கிலோமீட்டரில். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீளமான மேடு. ஒரு வளைவுக்குப் பிறகும் ஏறுகிறது.

நாளை அண்ணியிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 2

சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். அண்ணி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். இப்போது தினமும் சாயங்காலம் இதுதான் பயிற்சி. நாலு மாடி, நாலு மேடு. முதல் மாடி ஆஸ்பத்திரி மேடு, இரண்டாவது பள்ளிக்கூட மேடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவைத் தட்டி, “நாலாவதும் முடிஞ்சுது. இனிமே இறக்கம்தான்” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 14

நாளை போட்டி. தொடக்கக் கோட்டில் நிற்கும்போது சொல்லிவிடுகிறேன். முன்னாலேயே சொன்னால் தூக்கம் போய்விடும். அண்ணியின் நல்லதுக்குத்தான்.

அண்ணியின் நல்லதுக்கா?

மார்ச் 15

இன்று எழுத முடியாது.

மார்ச் 16

எழுதித்தான் ஆக வேண்டும்.

தொடக்கக் கோட்டில் சொல்லவில்லை. ஒலிபெருக்கி இரைச்சல், கூட்டம், அண்ணி லேஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாக்கா கிடைக்காது?

முதல் மூன்று மேடும் அண்ணி திட்டம் போட்டபடியே. என் கால் பரபரக்கிறது, அண்ணி அசையவில்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போகிறார்கள். மேட்டு நடுவில் மூன்றே வார்த்தை: “போகட்டும். வரட்டும். பாப்போம்.” பக்கத்தில் ஓடியவர் சிரித்துவிட்டார். அந்த மூன்று மேட்டையும் இறங்கும்போது, எங்களைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக நாங்கள் தாண்டினோம்.

மூன்றாவது மேடு இறங்கியதும் ஆரஞ்சுக் கொடி கண்ணில் பட்டது. இரண்டரை மணி நேரத்தில் முடிப்பவர்களுக்காக ஓடுகிறவரின் கொடி. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அண்ணி கேட்டது மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு எந்தக் குறையும் வந்திருக்காது. இரண்டரை வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். கண் தெரியாத அண்ணியை இரண்டரை மணி நேரத்தில் கூட்டி வந்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது.

நாலாவது மேட்டின் அடியில் அண்ணி கேட்டார்: “இதுதான் கடைசி, இல்ல?”

“இதான் கடைசி அண்ணி. மிச்சத்தையெல்லாம் கொட்டிடுங்க.”

நாக்குக் கூசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அண்ணி ஓடினார் பாருங்கள்! லேஸ் என்னை இழுத்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவை நான் பின்னால், அவர் முன்னால். உச்சிக்கு வந்ததும் கையைத் தூக்கி “ஹோ!” என்று கத்தினார். வழியில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். கொடி பக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு தண்ணீர்த் தொட்டி. அந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணியின் கால் கண்டுபிடித்துவிட்டது.

“இது என்ன?”

“மேடு.”

“என்ன மேடு?”

அங்கேயாவது சொல்லியிருக்கலாம். சொன்னது இது: “ரூட்டை மாத்திட்டாங்க போல அண்ணி. எனக்கே இப்பத்தான் தெரியுது.”

அண்ணி ஏறினார். பாதியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்துக் காலை நீவிவிட்டேன். எழுந்தார், கொஞ்ச தூரம் நடந்தார், மறுபடி இழுத்தது. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். நாங்கள் போனபோது முடிவுக் கோட்டில் நேரம் பதிய விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாழைப்பழம் கொடுத்தாள். பதக்கப் பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

“பரவால்ல தம்பி. உனக்கே தெரியாதது, நீ என்ன பண்ணுவே?”

வீட்டில் அண்ணன் குதித்தான். “டேய், கூட ஓடறவன் வழியை விசாரிக்க மாட்டியா? அப்புறம் என்ன லட்சணத்துக்கு நீ கூடப் போறே?” அண்ணி குறுக்கே வந்தார். “அவனைத் திட்டாதீங்க. அவனுக்கே தெரியாது, பாவம்.” அண்ணன் அடங்கிப்போனான். கொஞ்ச நேரம் கழித்து என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தான்.

அதையும் தின்றேன்.

மார்ச் 19

எதுக்குடா சொன்னே? யார் கேட்டாங்க உன்கிட்ட ரெண்டரை மணி நேரம்? உன் கால்ல ஓடற நேரம் போதலையா, அண்ணி காலும் வேணுமா உனக்கு?

மார்ச் 24

அண்ணியைக் கடையிலிருந்து கூட்டி வந்தேன். மாடி ஏறினோம். எப்போதும்போல “படி முடிஞ்சுது” என்றேன். அண்ணியின் கால் முன்னால் நீண்டு, தரையைத் தடவி, இன்னொரு படி இருக்கிறதா என்று தேடியது.

ஆறு வருஷமாக நான் சொன்னால் சொன்னதுதான். காலை அப்படியே வைத்துவிட்டுப் போவார். இன்று தேடினார்.

மார்ச் 25

மருத்துவர்கள் இருக்கிற கட்டடத்தில் ஒரு லிஃப்ட், தளத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிறது. இரண்டு பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஓர் அங்குலம்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார். “முழுசா நின்னு போன லிஃப்டால யாரும் விழ மாட்டாங்க. படி ஏறிப் போயிடுவாங்க. இது சரியா நிக்குதுன்னு நம்பித்தானே காலை வைக்கறாங்க?”

மதியம் சாப்பிடாமலே சரிசெய்தேன்.

மார்ச் 29

இன்றும் தேடினார். நேற்றும்.

அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் இருக்கும்? அவர் வேலையே கோர்ட்டில் சாட்சிகள் பேசியதைப் பதிவில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான். “பொய் சொல்றவங்க குரல் நடுங்கும்னு நினைக்கறாங்க. இல்ல தம்பி, ரொம்ப வழவழன்னு வரும்” என்று அவரே ஒரு நாள் சொல்லியிருக்கிறார். நான்தான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

ஏப்ரல் 5

சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மெயில் வந்தது, மறைத்தது, கொடி, எல்லாம். தலை குனிந்துதான் சொன்னேன், அவருக்குத் தெரியப்போவதில்லை என்றாலும்.

மடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். தொட்டிகிட்டயே தெரியும். மேட்டைப் பாத்துத் திடுக்கிட்டவன் குரலா அது?”

“அப்ப ஏன் அண்ணன்கிட்ட...”

“அவர்கிட்ட நான் போட்டுக் குடுக்கணுமா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்டே.”

மன்னிச்சிடுங்க என்றேன். எனக்கே கேட்கவில்லை அது.

“பதக்கம் போனா போகுது தம்பி. ஆனா இப்ப நம்ம வீட்டுப் படியில ஏறவே எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல இருந்தாலும் பயமா இருக்கு. அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை.”

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். மடித்த துண்டுகளில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். கை கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நகர்ந்து வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6

அண்ணனிடம் நானே சொன்னேன். பேச்சை நிறுத்திவிட்டான். முட்டையும் நின்றது.

ஏப்ரல் 20

இனி அண்ணியோடு அவர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி ஓடுவாளாம். கலகலப்பான பெண். லேஸைத் துவைத்துக் காயவைத்து அவளிடம் கொடுத்தேன். “இதுல ஏதாவது சூட்சுமம் இருக்கா அண்ணா?” என்று கேட்டாள்.

“இறுக்கிப் பிடிக்காதே. என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு.”

அண்ணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 11

தனியாகப் பத்து கிலோமீட்டர். நல்ல நேரம். யாரிடம் சொல்வது?

நவம்பர் 2

அண்ணன் இன்று என்னிடம், “உப்பு சரியா இருக்கா, பாரு” என்றான். ஏழு மாதம் கழித்து. கொஞ்சம் தூக்கலாக இருந்தது. தூக்கல் என்றே சொன்னேன். முறைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினான்.

பிப்ரவரி 28

மறுபடி அதே போட்டி. இந்த வருஷம் தொட்டி வழியையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அஞ்சு மேடு. அண்ணி இப்போது நாலு மாடியும் ஏறி, மொட்டை மாடிவரை போய்விட்டு வருகிறார்.

சாயங்காலம் கூப்பிட்டார். “அன்னிக்கு உனக்கு வேலை இருக்கா?”

“இல்ல அண்ணி.”

“தொட்டிகிட்ட வந்து நில்லு. நான் வர்றப்போ முன்னால என்ன இருக்குன்னு சொல்லு.”

“கூட ஓடற பொண்ணு சொல்லுவாளே?”

“அவ சொல்லுவா. நீ சொல்லி நான் கேக்கணும்.”

மார்ச் 14

மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் நின்றுவிட்டேன். அந்த மேட்டை நாலு தடவை ஏறி இறங்கினேன். காவலுக்கு நின்றவர் சந்தேகமாகப் பார்த்தார்.

ஆரஞ்சுக் கொடி போனது. அதற்குப் பிறகு நெடுநேரம் யார் யாரோ வந்தார்கள். கடைசியில் சாலைத் திருப்பத்தில் அண்ணியின் தொப்பி தெரிந்தது. அந்தப் பெண் ஏதோ சொல்ல, அண்ணி சிரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் கத்தினேன்.

“அண்ணி! இன்னும் ஒண்ணு இருக்கு! பெரிய மேடு! மேல போய் இடது பக்கம் வளையும், வளைஞ்சப்புறமும் ஏறும்! அங்கேயே முடிஞ்சிடும்னு நினைச்சிடாதீங்க! அதுக்கப்புறம்தான் இறக்கம், அதான் கடைசி!”

அண்ணி வேகத்தைக் கூட்டவில்லை. மேட்டுக்கு உண்டான மூன்று வார்த்தைதான் வந்தது.

“தெரியும். நன்றி. நகரு.”

நகர்ந்தேன். வளைவு தாண்டுவதுவரை பார்த்துக்கொண்டு நின்றேன். வளைவுக்குப் பிறகு ஏறவும் அவர் மூச்சை மிச்சம் வைத்திருந்தார்.

பதக்கம் தகரம்தான். அண்ணன் அதைக் கடித்துப் பார்த்தான்.

மார்ச் 15

அண்ணிக்கு இன்று கால் கடுப்பு. இருந்தாலும் வேலைக்குப் போனார். சாயங்காலம் கட்டட வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் திட்டிக்கொண்டே வந்தார், லிஃப்ட் மெக்கானிக் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு கட்டடமா என்று.

நாலாவது மாடி. “படி முடிஞ்சுது அண்ணி.”

கால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு அப்படியே வைத்தார். வைத்துவிட்டு, சாவி எங்கே என்று கேட்டார்.