தேதி போட்ட ஆல்பம்

உன் டென்னிஸ் மட்டை நேற்று வந்து சேர்ந்தது. திருச்சியிலிருந்து உன் தம்பி அனுப்பிய பார்சல். சாக்குத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, என் பெயரையும் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட விலாசத்தையும் நீல மையில் எழுதியிருந்தார். வட்டவளைத் தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மழையில் குடைக்குள் அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இந்த ஏற்றத்தில் நீயும் நானும் ஒரு காலத்தில் ஓடியே ஏறினோம் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

தையலைப் பிரித்ததும் அந்த வாசனை. நரம்பும் வார்னிஷும் கற்பூரமும் கலந்த உன் பெட்டியின் வாசனை. மட்டையை மரச்சட்டத்தில் வைத்து நாலு மூலையிலும் திருகை முடுக்கி வைத்திருந்தாய். "ஈரம் பட்டா மட்ட கோணிக்கும் புள்ள" என்பாய். திருச்சி வெயிலில் என்ன ஈரம்? இருந்தாலும் பழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது. மட்டையோடு ஒரு பெரிய கடித உறையும் இருந்தது. அதைப் பிரிக்க நேற்று எனக்குத் தெம்பு இல்லை. நீ போய் இரண்டு மாதமாகிறது. மஞ்சள் காமாலை என்று தம்பி எழுதியிருந்தார். முப்பத்தாறு வயதில் போவதற்கு அது ஒரு காரணமா என்று உன்மேல்தான் கோபம் வந்தது.

தொரை பங்களாவுக்குப் பின்னால் மலையை வெட்டிச் சமமாக்கிய அந்த ஆடுகளம் உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். என் அப்பா ஃபேக்டரியில் டீமேக்கர். ஹட்டன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நாம் இருவரும் ஆபீஸ் தபாலைப் பங்களாவுக்குக் கொண்டுபோவோம். ஒருநாள் தொரசாணி தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். பந்து உன் காலடிக்கு வந்தது. நீ குடையைக் கீழே வைத்தாய். கையால் எறிந்து கொடுப்பாய் என்று நான் நினைத்தேன். பெஞ்சில் கிடந்த இன்னொரு மட்டையை எடுத்து அடித்துத் திருப்பினாய். தபால் கட்டு மண்ணில் விழுந்ததை நான்தான் பொறுக்கினேன்.

அவள்தான் உனக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தாள் என்று பின்னால் பத்திரிகைகள் எழுதின. அவள் சொல்லிக் கொடுத்தது மட்டையைப் பிடிக்கும் விதம் மட்டும்தான். எதிரே நிற்க ஆளில்லாததால் உன்னை நிறுத்தினாள். ஆறு மாதத்தில் உன் எதிரே நிற்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் நின்றேன். நான் ஆடினேன் என்று சொல்ல மாட்டேன், நின்றேன் அவ்வளவுதான். நான் அடிக்கும் பந்தெல்லாம் வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் போகும். அப்படிப் போன ஒன்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அம்மாளின் கூடையிலிருந்து உருண்டு விழ, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்த மலக் கொழுந்தும்மா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து ஒரு மாதம் என் பெயர் கொழுந்துக்காரி. "வெளிய போன பந்தத் திரும்பிப் பாக்காத புள்ள, களுத்துதான் வலிக்கும்" என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். கேலியா ஆறுதலா என்று உன் முகத்தைப் பார்த்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

சுதந்திரம் வந்த வருஷத்துச் சித்திரையில் நுவரெலியாவில் நீ ஜெயித்தாய். ஹட்டன் பஜாரில் தைத்த முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைப் பாவாடையும், இரண்டு காலுக்கும் இரண்டு விதமாய் வெளுத்த கான்வாஸ் சப்பாத்தும். எதிரே கொழும்புப் பெண்மணி ஒருத்தி. பிற்பகல் மூடுபனி இறங்கிவிட்டது. வலை தெரிந்தது, வலைக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. பந்து தெரியவில்லை, நிறுத்துங்கள் என்றாள் அவள். நடுவர் உன்னைப் பார்த்தார். எனக்குத் தெரிகிறது என்றாய். பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. லொறியில் திரும்பி வரும்போது என் காதில் சொன்னாய்: "பந்து எங்க தெரிஞ்சிச்சி? அவங்க மட்டையில பட்ட சத்தம் கேட்டுச்சி, ஓடிட்டேன்." நம்முடைய ஆடுகளத்தில் வருஷத்தில் பாதி நாள் பனிதானே.

அடுத்த நாள் பத்திரிகையில் உன் படம். இலங்கைக்கு ஒரு புதிய வீராங்கனை என்று போட்டிருந்தார்கள். நான் அதை வெட்டி ஒரு ஆல்பத்தில் ஒட்டி, வலது பக்கத்து மூலையில் தேதி எழுதினேன். அதுதான் முதல் பக்கம். எனக்கு உன்னைப்போல் கைத்திறமை எதுவும் இல்லை. எழுத்து மட்டும் அழகாக இருக்கும். உன் விளையாட்டில் என் பங்கு அந்த மூலையில் இருக்கும் தேதிதான் என்று எனக்கு அப்போது ஒரு பெருமை.

அந்த வருஷம் முடிவதற்குள் சட்டம் வந்தது. நாமெல்லாம் இந்த நாட்டுப் பிரஜை இல்லை, இந்திய வம்சாவளி, மனுப்போட்டுத்தான் பிரஜையாக வேண்டும் என்றார்கள். நமக்கு அது ஒன்றும் பெரிதாய் உறைக்கவில்லை. உனக்கு மதராஸ் பக்கம் ஆட ஆசை. திருச்சியில் உன் சித்தி வீடு இருந்தது. பத்து மாதம் இருந்து ஆடிவிட்டு வருகிறேன் என்று போனாய். பத்து மாதம் பன்னிரண்டாகி, பதினான்காகியது. ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரே ஒரு போட்டி என்று எழுதினாய். உறைக்குள் பத்திரிகைத் துண்டுகள் வரும். நான் ஒட்டினேன், தேதி போட்டேன்.

நீ திரும்பி வந்ததும் எல்லாரையும்போல் மனுப்போட்டோம். உனக்கு வயது வந்துவிட்டதால் அப்பாவோடு சேர்க்காமல் உனக்குத் தனி மனு. விசாரணைக்குக் கூப்பிட நாலைந்து வருஷமானது. அதற்குள் நீ எத்தனையோ பேரை ஜெயித்திருந்தாய். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாடு போகும் பெண்கள் குழுவில் உனக்கு ஓரிடம் இருக்கிறது, பாஸ்போர்ட் மட்டும் காட்ட வேண்டும் என்று. பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அந்தக் கடிதமும் விசாரணைக் கடிதமும் ஒரே மாதத்தில் வந்ததை நல்ல சகுனம் என்று உன் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

விசாரணைக்குப் போகிறவர்களை அப்போது தகரப் பெட்டியை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ், அம்மை குத்திய துண்டு, பள்ளிக்கூட ரிப்போர்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கொண்டுபோனோம். கடதாசி கூடக் கூட உரிமை கிடைக்கும் என்று மலைநாடு முழுக்க நம்பியது. ஆல்பத்தையும் பெட்டியில் வைக்கலாம் என்று சொன்னது நான்.

"அது என்னாத்துக்கும்மா, வெளையாட்டுப் படம்" என்றார் உன் அப்பா.

"இலங்கை வீராங்கனைன்னு பத்திரிகையே எழுதியிருக்குங்க மாமா. அதவிட வேற என்னா சாட்சி வேணும்?"

அவர் உன்னைப் பார்த்தார். நீ ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த மௌனம்தான் எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்திருந்தால் மனுத் தள்ளுபடியாகும் என்று உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மனுவில் பத்து மாதம் என்று எழுதியிருந்தார். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் பயந்துபோய் உளறிவிடுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. எனக்கு இருந்த ஆசையைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? விசாரணை அதிகாரி பக்கம் புரட்ட மாட்டார் என்று நினைத்தாயா?

அந்த அதிகாரி கெட்டவரில்லை. அதையும் சொல்ல வேண்டும். களைத்துப்போன மனுஷன், மேசையில் கோப்புகள் மலைபோல் கிடந்தன. உன் முகத்தைப் பார்த்ததும் நுவரெலியாவில் பனிக்குள் ஆடிய பெண்ணா என்று கேட்டார். நான்தான் பெட்டியைத் திறந்து ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த பக்கம், அடுத்த பக்கம். மதராஸ் பக்கங்கள் வந்தன. சிரிப்பு மெல்ல நின்றது. முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் என்று திருப்பிப் பார்த்து, பென்சிலால் தன் கடதாசியில் ஏதோ குறித்தார். நீ உன் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா தொண்டையைச் செருமினார்.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தேதியெல்லாம் யாரு எழுதினதுன்னு கேக்குறாரு."

"நான்தாங்க."

"ரொம்ப நேர்த்தியா எழுதியிருக்கீங்கன்னு சொல்றாரு."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அந்த அறையில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். வெளியே வந்து, படியில் உட்கார்ந்து உன் அப்பா முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான், என் தேதிகளே பதினான்கு மாதத்தைக் காட்டிக்கொடுத்து உன் மனுவைக் கெடுத்துவிட்டன என்று எனக்குத் தெரிந்தது.

ரயிலில் வட்டவளைக்குத் திரும்பும்போது நான் ஆல்பத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அந்த ஆபீசருக்குக் கட்ட வெரல்ல நகச்சுத்தி புள்ள. பென்சிலப் புடிக்கவே கஷ்டப்பட்டாரு, பாத்தியா?" அப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றிருந்தேன். வீட்டுக்குப் போனதும் நாளைக்கு என்றிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் விசாரணை. அதே அதிகாரி. வெளிநாடு போயிருக்கிறாயா என்று கேட்டார். கொழும்புக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். எங்கேயும் போகாதவளுக்கு, எதையும் ஜெயிக்காதவளுக்கு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதை உன்னிடம் காட்ட எனக்கு முகமில்லை. நீயே தேடி வந்து வாங்கிப் பார்த்து, பத்திரமாக வை என்று சொல்லிவிட்டுப் போனாய்.

குழு உன்னை விட்டுவிட்டுப் போனது. இங்கே இருந்து என்ன செய்ய என்று இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு நீயும் போனாய். ஹட்டன் ஸ்டேஷனில் உன் அம்மா அழுததும், மட்டையை யாரிடமும் கொடுக்காமல் நீயே வைத்திருந்ததும் நினைவிருக்கிறது. அங்கே சில வருஷம் ஆடினாய். மாகாண அணிக்குப் பெயர் வந்தபோது, இவள் சிலோன்காரி, இந்த மாகாணத்துப் பெண் எப்படி ஆவாள் என்று யாரோ கேட்டார்களாம். பிறகு முழங்கால் போயிற்று. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் ஆனாய். ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாய்: "இங்க பேப்பர்ல என் பேருக்கு முன்னால சிலோன்னுதான் போடுறாங்க. துண்டெல்லாம் சேத்து வச்சிருக்கேன். ஒருநாள் அனுப்புறேன், ஆல்பத்துல ஒட்டு. தேதி மட்டும் போடாத."

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு வெகுநேரம் அழுதேன். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் பதில் போடவில்லை. என்ன எழுதினாலும் மன்னிப்பில் தொடங்க வேண்டியிருந்தது. அதை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன், படிக்க நீ இல்லை. என்னை மன்னித்துக்கொள் புள்ள.

உறையை இன்று காலை பிரித்தேன். அத்தனை துண்டும் இருந்தது. ஒவ்வொன்றையும் தேதி தெரியாதபடி ஓரத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாய். கடைசியாக உன் தம்பி வைத்த ஒரு துண்டு. உள்ளூர்ப் பத்திரிகையில் நாலே வரி, படம் இல்லை. இலங்கையைச் சேர்ந்த முன்னாள் டென்னிஸ் வீராங்கனை காலமானார் என்று போட்டிருந்தது. அன்றைக்கு அந்த மேசையில் அதிகாரி இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நமக்குப் போதாமலா போயிருக்கும்? பத்து வருஷம் தாமதமாக, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

பசை காய்ச்சி எல்லாவற்றையும் ஒட்டினேன். கடைசித் துண்டை ஒட்டி முடித்ததும் கை தானாகவே பேனாவைத் திறந்துகொண்டு வலது மூலைக்குப் போனது. இருபது வருஷப் பழக்கம். தினமும் காலையில் வகுப்புக்குப் போனதும் நான் முதலில் செய்வது கரும்பலகையின் மூலையில் தேதி எழுதுவதுதான். நேர்த்தியாக எழுதுகிறேன் என்று பிள்ளைகளும் சொல்வார்கள். நாளைக்கும் எழுதத்தான் போகிறேன்.

பேனாவை மூடினேன். அந்த மூலையில் ஒன்றும் எழுதவில்லை.