பாசிட்டிவ் என்று போன் வந்தது

நவ. 3, 2009. செவ்வாய்
விடியும் முன்பே மழை. மார்பில் தையல் போட்ட இடத்தில் நமநமவென்று அரிப்பு. சொறியக் கூடாதாம். எடுத்த கட்டியில் ஒரு துண்டு புதுச்சேரி லேபுக்குப் போயிருக்கிறது, ரிப்போர்ட் வந்தபாடில்லை. துணி காயவில்லை. கீரப்பாளையம் ஸ்கூலில் என் எட்டாம் வகுப்புக்கு யார் கணக்கு எடுக்கிறார்களோ. ஊறப் போட்ட உளுந்தை அரைக்க மறந்து நாற்றம். எதிலும் மனசு ஒட்டவில்லை.

நவ. 5, வியாழன்
தையல் பிரித்தாயிற்று. டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். பால் வரும் குழாய்.
"புற்று இந்தக் குழாய்க்குள்ளயேதான் படர்ந்திருக்கு. உள்ளயே இருக்கிற வரைக்கும் வேற எங்கயும் போகாது. உங்களுக்கு ஒரு எடத்துல சுவத்தைத் தாண்டியிருக்கு. ரொம்பச் சின்னதாதான்."
அதற்குத்தான் அந்தத் துண்டைப் புதுச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், மார்க்கர் டெஸ்ட். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-டூ. எதைத் தின்று கட்டி வளர்கிறது என்று அதில் தெரியுமாம்.
'ரொம்பச் சின்னது.' நான் குமராட்சியில் வயல்காட்டில் வளர்ந்தவள். வரப்பில் ஒரு நண்டு வளை போதும், தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

நவ. 6, வெள்ளி
குளித்துக்கொண்டிருந்தபோது லேபிலிருந்து போன். வீட்டுக்காரர்தான் எடுத்தார்.
"பாசிட்டிவாம்."
"மூணுல எது?"
"கேக்கல. செவ்வாக்கெழம டாக்டரயே கேட்டுக்க."
முகம் வெளுத்துப்போயிருந்தது. பம்புசெட் கம்பெனி வேலையில் ஊர் ஊராய்ச் சுற்றி, வாயாலேயே மோட்டார் விற்கிற மனிதர். சாப்பிடும்போது ஒரு பேச்சில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்தார். குழாயை உடைத்துக்கொண்டு எங்கெல்லாமோ போய்விட்டது, இவருக்குத் தெரியும், மறைக்கிறார். பயமாக இருக்கிறது.

நவ. 9, திங்கள்
கடலூரில் மீட்டிங் என்று போனார். நனைந்து திரும்பினார். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி. கேட்டதற்கு, "சுகர் டெஸ்ட் பண்ணேன்" என்றார். மனைவி இப்படிக் கிடக்கும்போது இவருக்கு சுகர்! எரிச்சலில் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.
தண்ணீர் மோட்டார் ரிப்பேர். கரண்ட் வந்து வந்து போகிறது.

நவ. 10, செவ்வாய்
டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டைப் பிரித்தார்.
"ஈ.ஆர்., பி.ஆர். ரெண்டும் பாசிட்டிவ். ஹெர்-டூ நெகட்டிவ். நல்லதும்மா. ஹார்மோன்லதான் இது வளருது. அத மாத்திரையால தடுக்கலாம். ரேடியேஷனும் குடுத்துடுவோம்."
பாசிட்டிவ் என்றால் நல்லதா! அங்கேயே அழுதுவிட்டேன்.
அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப இது ரத்தத்துல வர்ற பாசிட்டிவ் இல்லிங்களா மேடம்? அந்த எய்ட்ஸு..."
"அய்யோ சார், அது வேற, இது வேற."
தெற்கு வீதி டீக்கடை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நேத்து கடலூர்ல நான் அதுக்கு ரத்தமே குடுத்துட்டு வந்துட்டேன், விமலா."
சுருக்கென்றது. "எம்மேல சந்தேகமா?"
"சீச்சீ. உம்மேல போயி சந்தேகப்படுவனா?"
சொல்லிவிட்டு டீயை ஊதினார். அப்புறம்தான் சொன்னது அவருக்கே உறைத்தது. டம்ளர் வாய்க்குப் போகவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. மழை விட்டதும் ஆட்டோ பிடித்து வந்தோம்.

நவ. 11, புதன்
முதல் மாத்திரை. ஐந்து வருஷம் போட வேண்டும். அவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கவில்லை, நானே மொண்டு குடித்தேன்.
"கடலூர்ல ரிசல்ட் என்னிக்கித் தராங்க?"
"அதான் ஒனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே. இனிமே அது எதுக்கு?"
"எனக்கில்லீங்க. ஒங்களுக்கு. போய் வாங்கிட்டு வாங்க."