திரையை அணைத்த பிறகு

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பழைய மடிக்கணினி இன்று காலை உயிரை விட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறிகூட முனகவில்லை. அக்கா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சூடே இல்லடி” என்றாள்.

மடிக்கணினி போனால் போகட்டும். அக்கா பிரெய்ல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். பள்ளிப் புத்தகங்கள், பெரும்பாலும் கணக்கு. விசைப்பலகைக்கு முன்னால் நீளமாக ஒரு கருவி இருக்கும். திரையில் உள்ள வரி அதில் புள்ளிகளாக எழும்பும். அவள் விரலால் தடவிப் படிப்பாள். கணக்கைக் காதால் கேட்டுத் திருத்த முடியாது. அந்தக் கருவியும் அச்சகத்தின் மென்பொருளும் பழைய விண்டோஸில்தான் ஓடும். கருவியைச் செய்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள்.

மேலாளர் போனில் நயமாகத்தான் பேசினார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால், புள்ளிகளைத் திரையில் கண்ணால் பார்த்தே திருத்தத் தெரிந்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிடுவாராம். அக்காவுக்கு வரவேற்பறையில் போன் எடுக்கும் வேலை.

“பூச்சாடி மாதிரி வாசல்ல வைக்கப் போறாங்க” என்றாள் அக்கா.

நான் ஏப்ரல் ஆறாம் தேதி வேறு ஊரில் புது வேலைக்குச் சேர வேண்டும். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 5, வியாழன்

அலுவலகத்தில் நாங்கள் ‘கேபிள்’ என்று கூப்பிடும் மனிதரிடம் கேட்டேன். புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கி, பழைய விண்டோஸை அதற்குள் போடச் சொன்னார். கணினிக்குள் ஒரு கணினி. உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாதாம்.

“கருவிதான் தகராறு பண்ணும். அது வெளியில மாட்டியிருக்கு. உள்ள இருக்கறவனுக்கு நீங்கதான் எடுத்து நீட்டணும்.”

மார்ச் 8, ஞாயிறு

பழைய விண்டோஸ் உள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டது. கருவியை அதற்குள் அனுப்பினால் ஒரு நொடி இருக்கிறது, உடனே காணாமல் போகிறது. அக்கா விரல்களை அதன்மேல் வைத்தபடியே காத்திருந்தாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்றும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

பிடிபட்டது. கருவி விழித்ததும் ஓர் அடையாள எண்ணைச் சொல்கிறது. பிறகு தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு, வேறோர் எண்ணோடு திரும்பி வருகிறது. முதல் எண்ணை மட்டும் உள்ளே விடும்படி நான் எழுதியிருந்தேன். திரும்பி வந்ததை வெளிக்கணினி தன் பொருள் என்று பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு எண்களையும் எழுதினேன். தகரத்தில் தூறல் விழுவதுபோலச் சத்தம், புள்ளிகள் எழும்பின.

அக்கா படித்துக்கொண்டே போனாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். “மூணாவது வரியில அடைப்புக்குறி மூடல” என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

அலுவலகத்துக்கு அக்காவின் போன். கருவி உள்ளே போகவில்லையாம். அனுமதி கேட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். உடனே ஓடியது.

மார்ச் 16, திங்கள்

மறுபடியும் அதே. நான் இருந்தால் ஓடுகிறது, கிளம்பினால் நிற்கிறது.

“உன்னப் பாத்தாதான் அதுக்கு வேலை செய்யத் தோணுது போல” என்றாள் அக்கா. சிரிப்பு இல்லை அதில்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

விடுப்பு எடுத்துக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு முதலிலிருந்து செய்து பார்த்தேன். முடியவில்லை. மறுபடி திரையைப் போட்டபோது என் கை தானாகச் சுட்டியை நகர்த்தி எதையோ அழுத்தியது. என்னது அது?

ஒரு சிறு பெட்டி. கருவி தன்னைத் துண்டித்துக்கொண்டு வரும்போதெல்லாம் ஓரத்தில் வந்து, இதை எங்கே இணைப்பது என்று கேட்கிறது. அக்காவுக்குத் திரையை வாசித்துக் காட்டும் குரல் அந்தப் பெட்டியை வாசிப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் நான் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன், சொன்னது தெரியாமலே. கருவிக்கும் அக்காவுக்கும் நடுவில் என் கண் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

நான் படித்த நாவல்களில் பார்வை இல்லாதவர்கள் ஒன்று ஞானிகள், இல்லையென்றால் பரிதாபம். பத்து வயதுவரை எல்லாவற்றையும் பார்த்த, இப்போது நாள் முழுக்க அடைப்புக்குறி தேடுகிற, கோபம் வந்தால் ஸ்பூனை வீசுகிற ஒருத்தியை நான் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. அவளோடு இத்தனை வருடம் இருந்தும் நானே எவ்வளவு கவனித்தேன்?

கேட்காமலே இணைக்கும்படி மாற்றிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

சண்டை.

கருவி இப்போது சரியாக இருக்கிறது. அக்காதான் தொலைந்துபோகிறாள். உள்கணினியில் இருப்பதாக நினைத்து அவள் தட்டியது வெளியே எங்கோ போய் விழுந்தது. காலை முழுக்கச் செய்த திருத்தம் எதுவும் பதியவில்லை.

“உள்ள இருக்கேனா வெளிய இருக்கேனான்னு எனக்கு எப்படிடி தெரியும்? நீ பாத்துக்கற. நான்?”

வேலையில் சேர்வதைத் தள்ளிப்போடுகிறேன் என்றேன். அவள் குரல் இறங்கியது. இறங்கினால்தான் பயம்.

“போகாம இருக்கறதுக்கு என்னைச் சாக்காக்காத. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு.”

பயமாத்தான் இருக்கு. அங்க யாரத் தெரியும் எனக்கு? நெனவு தெரிஞ்சதுலேருந்து ‘அக்காவுக்குத் துணை’. அது இல்லன்னா நான் என்ன?— சொல்லவில்லை. அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

மார்ச் 24, செவ்வாய்

யோசனை அக்காவுடையது. வெளிக்கணினி பெண் குரலில் பேசட்டும், உள்கணினி ஆண் குரலில். எந்தக் குரல் கேட்கிறதோ அங்கே இருக்கிறாள். மாற்றிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டுக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

“வீட்டுக்கு ஒரு ஆம்பிளக் குரல் வந்தாச்சு. சொன்னதைச் செய்யறாரு, எதிர்த்துப் பேசறதில்ல. இவரே போதும் எனக்கு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தோம்.

மார்ச் 28, சனி

சோதனை. திரை அணைந்திருக்க, நான் சமையலறையில். நடுவில் இரண்டு குரல்களும் நின்றுபோயின. அறை வாசல்வரை போனேன்.

“மூச்சு கேக்குது. போ” என்றாள், திரும்பாமலே.

திரும்பி வந்து, கழுவிய பாத்திரங்களையே கழுவினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டும் சத்தம். மறுபடி நிசப்தம். பிறகு அந்த ஆண் குரல், பக்க எண்ணைச் சொன்னது.

மார்ச் 31, செவ்வாய்

மெய்ப்பு போய்ச் சேர்ந்தது. மேலாளர் அடுத்த பாடத்தை அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. எத்தனை புத்தகம் எடுத்துப் போகிறாய் என்று அக்கா பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள். பாதியை வெளியே எடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தினமும் அக்காவின் போன் வருகிறது. ஒலி வரவில்லை, கோப்பு திறக்கவில்லை. அறைக்கு வந்ததும் அதற்காகவே காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

போன் வந்து ஒரு வாரமாயிற்று. நானே கூப்பிட்டேன். கருவியின் நடுவில், ஓர் எழுத்துக்குரிய கட்டத்தில் ஒரு புள்ளி எழும்புவதில்லையாம். நான் கேட்டதால்தான் சொன்னாள். அதைச் சரிசெய்ய இனி யாரும் இல்லை. வரியை ஒரு கட்டம் தள்ளிவைத்துப் படித்துக்கொள்கிறாளாம். எல்லாக் கட்டங்களும் போகும் ஒருநாள். இருவருக்கும் தெரியும்.

மே 10, ஞாயிறு

மதியம் அக்காவின் போன். எடுத்ததும், எங்கே சிக்கிக்கொண்டது என்று கேட்டேன்.

“எங்கயும் சிக்கல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

கணக்குப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். நல்லது என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது, என் அறை எப்படி இருக்கிறது, சொல்லவே இல்லையே என்று கேட்டாள்.

எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும், கட்டிலுக்கு எத்தனை எட்டு, மேஜையின் எந்த மூலை இடிக்கும்— அவளுக்குச் சொல்ல வேண்டிய முறையில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

“சுவர் என்ன கலரு?”

மஞ்சள் என்றேன்.

எந்த மாதிரி மஞ்சள் என்று கேட்டாள்.