விரல் வேட்டையாடிய நாள்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மேலே வருகிற எவனாவது உன்னிடம் கூட்டிச் சொல்வதற்கு முன் நானே சொல்வது நல்லது. சனிக்கிழமை மழைக்கு உன்னுடைய பளீரென்ற செம்மஞ்சள் வேட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு பக்குரங்கா பிளாசாவுக்குக் கடைக்குப் போனேன். கார்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணாடியை இறக்கி, காரை எங்கே விடுவது என்று என்னிடம் கேட்டாள். கையைக் காட்டினேன். பின்னால் வந்தவனுக்கும் காட்டினேன். மூன்றாவது காரோடு எனக்கே அந்த வேலை பிடித்துப்போனது. உண்மையான காவற்காரன் வந்து நீ யார் என்று கேட்கும்வரை நின்றேன்.

காருக்குள் வந்து சட்டையைக் கழற்றும்போது கழுத்துப் பட்டியிலிருந்து பைன் மரப் பாலும் வெங்காயத் தோலும் கலந்து மணத்தன. உன் மனைவி போன மாதம் தந்த சட்டை இது. துவைக்கவில்லை. துவைக்கவும் மாட்டேன்.

புக்கெகோஹிப் பண்ணையில் வெங்காயம் ஓடிவருகிற ஒரே பெல்ட்டின் இரு பக்கமும் நின்று நாம் எத்தனை வருடம் அழுகலைப் பொறுக்கினோம். நீ வன்னிக்காரன். நான் மானைக் கோயில் சுவரில் மட்டும் பார்த்த யாழ்ப்பாணத்தான். வேட்டைக்கு லைசென்ஸ் உன்னுடையது, சுடுகிற துவக்கு உன்னுடையது. கூடவே வந்து பிளாஸ்கும் புட்டுப் பார்சலும் தூக்குவது என் உத்தியோகம். இறைச்சியோடு வீட்டுக்குப் போனால் என் மனுசி வாசலிலேயே மறிப்பாள். "வள்ளியம்மையைப் பெத்தது மான். உது என்ரை குசினிக்குள்ளை வராது." அதனால் சமையல் உன் கராஜில் நடக்கும். அவளுக்கு வள்ளியம்மையின் மீது அவ்வளவு பாசம் என்றாலும், கறி கொதிக்கும்போது கராஜ் பக்கம் வந்து மூக்கைச் சுருக்கி நின்று மணந்துவிட்டுத்தான் போவாள்.

வன்னியில் உன் அப்பாவிடம் இருந்தது இடியன் துவக்கு. மருந்து போட்டு, இடித்து, ஒரு வெடி. அடுத்த வெடிக்கு ஆயத்தம் செய்வதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். "ஒண்டு பிழைச்சால் மானும் வீட்டை, நாங்களும் வீட்டை" என்று சொல்லிச் சிரிப்பாய். அப்படி வளர்ந்தவனுக்குத்தான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த செமி ஆட்டோமெட்டிக் துவக்கு மீது ஆசை வந்தது. விசையை அழுத்த அழுத்த அடுத்த ரவை தானாக ஏறி நிற்கும். வாங்கி வந்த அன்று மடியில் வைத்துத் தடவினாய்.

"மச்சான், உது மாமியார் சோறு போடுற மாதிரி. நான் கேக்க முதலே அடுத்தது வந்து நிக்குது."

"மாமி போட்டால் நீ வேண்டாமெண்டு இலையை மறிக்கலாம். இதை எப்பிடி மறிப்பாய்?" என்று கேட்டேன். சும்மா பகிடிக்குத்தான் கேட்டேன்.

தெற்கே, நம்மை வேட்டைக்கு விடுகிற பண்ணைக்காரனின் பைன் காட்டில், பின்னேரம், ஒரு பெண்மான் புல் மேய வெளியே வந்தது. நீ சுட்டாய். அது துள்ளி ஓடியது. உடனே படபடவென்று இன்னும் மூன்று. அதற்குப் பிறகு மான் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் குப்புற மண்ணில் கிடந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல். வாய் நிறையப் பைன் சருகு. நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன், அங்கே படித்த ஒன்றும் நினைவில்லை. ஆனால் படபடவென்று கேட்டால் விழ வேண்டும் என்பது இத்தனை கடல் தாண்டியும் இந்த உடம்புக்கு மறக்கவில்லை.

நீ வந்து பக்கத்தில் குந்தினாய்.

"பயந்திட்டியே?"

"இல்லை. எறும்பு பார்த்தனான்."

நீ சிரிக்கவில்லை. என் முதுகில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாய். இருட்டும்வரை இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். கிடைக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் திரும்பப் போனோம். ஓடைக்குள் கிடந்தது. வயிற்றில் பட்டிருந்தது. எத்தனை மணி நேரம் கிடந்ததோ. இறைச்சி ஒன்றுக்கும் ஆகவில்லை.

"முதல் வெடி நான் வைச்சது, மச்சான். மிச்சம் மூண்டும் என்ரை விரல் வைச்சது. என்ரை கண் மானிலை இருக்கேல்லையடா."

அதன் பிறகு அந்தத் துவக்கை நீ காட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. பள்ளிவாசலில் தொழுகைக்குப் போன சனத்தை ஒருத்தன் சுட்டுக் கொன்று, அந்த வகைத் துவக்குகளைத் தடை செய்து சட்டம் வந்தபோது, ஒப்படைக்கிற வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாய். ஏன் என்று கேட்டவர்களிடம், "கனம் கூட. தோள் நோகுது" என்றாய்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன்னுடைய ஆண்டுத் திவசம், பிளாட் புஷ்ஷில் ஒரு மண்டபம். எல்லோரும் சாப்பாட்டுக்குக் காத்திருக்க, எங்கே மைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும் அந்த அண்ணை எழுந்தார். உனக்குத் தெரியும், நான் மைக் அண்ணை என்று பெயர் வைத்தவர். மான் வேட்டைக்குச் செமி ஆட்டோமெட்டிக்கைத் திரும்ப அனுமதிக்க வேண்டுமாம். அதற்குக் கையெழுத்துச் சேர்க்கிறாராம். தாளின் தலைப்பில் உன் படம், மச்சான்! இதே சட்டையோடு, அந்தத் துவக்கோடு, வாங்கிய கிழமை நான் எடுத்த படம்.

"அந்தாளின்ரை துவக்கை அரசாங்கம் பறிச்சுப்போட்டுது. அந்தக் கவலையோடைதான் போனவர். மானுக்குக் காயம் பட்டால் உடனே ரெண்டாவது வெடி வைச்சு வேதனையை முடிக்கலாம். அதுதான் கருணை."

கருணையாம்! ஓடைக்குள் கிடந்த அந்த வாயில்லாச் சீவனிடம் போய்ச் சொல்லட்டும். அடுத்தது தயாராக நிற்கிறது என்ற எண்ணத்தில்தானே முதலாவது அவசரப்பட்டது? செத்தவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்ற தைரியத்தில், உன் முகத்தை எடுத்துத் தன் ஆசைக்கு ஒட்டியிருக்கிறார். எனக்கு உச்சி கொதித்தது. முதற்கையெழுத்துக்குப் பேனையை அவர் உன் மனைவியிடமே நீட்டினார். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, இவர் உதைத் திருப்பிக் கேட்டவரே? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

"பிள்ளை, பேனையை வை" என்று எழுந்தேன்.

"நீர் இரும் காணும்" என்றார் மைக் அண்ணை. "உமக்கு லைசென்சும் இல்லை, துவக்கும் இல்லை."

"ஓம். காது இருக்கு."

சொன்னேன். நாலு வெடியையும், ஓடையையும், நான் மண்ணில் கிடந்ததையும். "தோள் நோகுது எண்டு அவன் சொன்னது பொய். நான் விழுந்த கதை வெளியிலை வந்தால் நீங்கள் எல்லாரும் பகிடி பண்ணுவியள் எண்டு, என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்." ஊரையே கிண்டல் செய்கிற எனக்கு, என்னை ஒருத்தர் கிண்டல் செய்வது மட்டும் தாங்காது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. உன் மீதும் எனக்குக் கோபம்தான். அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அவள் பேனையை மூடி அவரிடமே கொடுத்தாள். "இவரின்ரை படத்தை எடுத்துப்போட்டு, உங்கடை படத்தைப் போடுங்கோ."

என் நாக்கில் நாலு பகிடி ஏறி நின்றன, ஒவ்வொன்றும் மைக் அண்ணையை ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவிடாத பகிடி. ஒன்றையும் விடவில்லை. அவள் சொன்னது பட்ட இடம் போதும். உன்னிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது, ஒரு வெடியோடு விரலை எடுத்துவிடுகிற அந்த நிறுத்தம்தான்.

அப்போது பின் வரிசையில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், "அண்ணே, நிஜமாவே அப்படியே குப்புற விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. எனவே விழுந்து காட்டினேன்.

விழுந்தது சரியாக வந்தது. எழும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சாப்பாட்டை என் முகத்துக்கு முன்னால் தரையில் வைத்தார்கள். குப்புறக் கிடந்து ரசம் குடிப்பது கடினம். நாலு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்ததால், என்னை ஒரு மேசைவிரிப்பில் உருட்டி நாலு பேர் காருக்குத் தூக்கிப் போனார்கள். கால் பக்கத்து ஒரு முனையை மைக் அண்ணை பிடித்தார்.