பதினேழாம் பக்கம்

1963

ஜூலை 8, திங்கள்

காற்று. காலையிலிருந்து ஓயவில்லை. வகுப்பில் மேசை, கரும்பலகை, வாய் எல்லாம் புழுதி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பாடம் எழுதினார்கள்.

மதியம் தபால். மதுரையிலிருந்து என் முதல் அத்தியாயம் திரும்பி வந்திருக்கிறது. எம்.லிட். ஆய்வேடு. திண்டுக்கல் சமவெளியில் கிணற்றுப் பாசனம். நாற்பத்திரண்டு பக்கம், நாலு மாதம். பள்ளிவிட்டு வந்து, உலை வைத்து, அடுப்படியில் உட்கார்ந்து எழுதியது.

முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் என் வழிகாட்டிப் பேராசிரியர் எழுதியது ஒரே வரி: ‘இது யார் எழுத்து?’

மீதி நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புரட்டினாரா என்றே சந்தேகம்.

யார் எழுத்தாம்! கணக்குப் பாடம் எடுக்கும் சுபைதா அக்காவிடம் காட்டினேன். சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு வாசித்தார். “ஏம்மா செண்பகம், நேர்ல போயி கேட்டுட்டு வா. இங்க இருந்து பல்லைக் கடிச்சா அவருக்குக் கேக்கவா போகுது?” என்றார்.

செருப்பு வார் அறுந்தது. இன்று அறுவதற்கென்றே காத்திருந்ததுபோல.

ஜூலை 13, சனி

மதுரை போய் வந்தேன். திண்டுக்கல்லில் ஏறி, வாடிப்பட்டி வரை பஸ்ஸில் நின்றபடி.

பேரா. அறையில் இரண்டு மாணவர்கள். அவர்கள் நாற்காலியில், நான் நின்றுகொண்டு. என் அத்தியாயத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“இதுல நீ எங்கம்மா இருக்கே? நாலு புஸ்தகத்தைக் கலக்கிக் கொண்டாந்திருக்கே.”

“எப்படி எழுதணும்னு சொல்லுங்க சார். மாத்தி எழுதுறேன்.”

“அதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் நல்லா வரும். ஆராய்ச்சி வேற.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு. பொத்தாமல் சிரித்தவனே தேவலை.

சொல்லிக் கொடுத்து வராதென்றால் வழிகாட்டி என்று எதற்கு ஒரு பெயர், ஒரு அறை, ஒரு மின்விசிறி? கேட்கவில்லை. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ‘சரிங்க சார்’தான் இன்னும் உறுத்துகிறது.

ஜூலை 14, ஞாயிறு

அவர் சொன்னது பொய் என்று காட்டிவிட நினைத்தேன். அத்தியாயத்தையும் நான் குறிப்பெடுத்த புத்தகங்கள், கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எடுத்தது எங்கே, சொந்தம் எங்கே என்று பென்சிலால் கோடு போட்டேன். சாயங்காலம் முடிந்தது.

சொந்தம்: மொத்தம் ஆறு வரி. அதில் இரண்டு நன்றியுரை.

அவர் சொன்னது சரி. அதுதான் கூடுதல் எரிச்சல்.

பி.ஏ.யில் முதல் வகுப்பு எப்படி வாங்கினேன்? புத்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எழுதி. அன்று எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். இன்று அதையே செய்தால் திருட்டு. நடுவில் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மட்டும் என்ன? வெள்ளிக்கிழமை நாற்பது பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொன்னேன். “அப்படியே எழுதுங்க, ஒரு எழுத்து மாறக் கூடாது.” என் வாய்தான் சொன்னது.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை.

புது நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. இடப்பக்கம் அவர்கள் சொல்வது. வலப்பக்கம் நான் கேட்பது:

யார் சொல்கிறார்?
எதை வைத்துச் சொல்கிறார்?
எனக்குத் தெரிந்ததோடு பொருந்துகிறதா?

மூன்று மணி நேரம். இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கம் வெள்ளை. அச்சில் இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்க என் கைக்கே பயம். நோட்டைச் சுவரில் எறிந்தேன். அட்டை பிய்ந்துவிட்டது. பசை காய்ச்சி ஒட்டினேன்.

ஜூலை 20, சனி

கிடைத்தது.

என் அத்தியாயத்திலேயே ஒரு வரி, பதினெட்டாம் பக்கம்: ‘இப்பகுதி உழவர்கள் முயற்சியற்றவர்கள், கிணறுகளில் பாதியை இறைக்காமல் சும்மா போட்டுவைக்கிறார்கள்.’ நாலு மாதம் முன் நான் எழுதியது. ஆங்கிலத்தில் அழகாகத்தான் இருந்தது.

இப்பகுதி உழவர் என்றால் யார்? அகரத்தில் இருக்கும் என் அய்யா. கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்து, கல் விழுந்து, இரண்டு மாதம் நடக்க முடியாமல் கிடந்தவர். பொழுது விடியுமுன் தண்ணீர் இறைக்கக் கமலை ஓட்டி மாட்டோடு மாடாக முன்னும் பின்னும் நடக்கிறவர். அவரை முயற்சியற்றவர் என்று எழுதிய பாவி நான்தான். எழுதும்போது ஒரு நொடிகூட உறைக்கவில்லை.

அன்று பென்சில் கோடு போட்டபோது பெயரைக் கவனிக்கவில்லை; எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது பார்த்தேன். பேரா. எழுதிய கட்டுரை! அவருடைய வரி. சொல் மாறாமல். அவர் வாக்கியத்தை அவரிடமே கொடுத்திருக்கிறேன். அவருக்கே அடையாளம் தெரியவில்லை, ‘யார் எழுத்து’ என்று கேட்டிருக்கிறார்.

வலப்பக்கத்தில் முதல் தடவையாக எழுதினேன்: பொய்.

சு. அக்கா பார்த்தார். “பொய்னு சொன்னா ஆச்சா? எப்படிப் பொய்? கணக்குல விடை மட்டும் எழுதுற பிள்ளைக்கு நான் மார்க்கு போடுவேனா?”

அக்கா மேலேயும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்தேன். அந்த வரிக்கு ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. பழைய சர்க்கார் அறிக்கை ஒன்றின் பெயர், பக்கம் 88.

ஜூலை 21, ஞாயிறு

அகரம். ஊரில் தண்ணீர் இல்லை, காற்று மட்டும். கத்தரிச் செடி வாடிக் கிடக்கிறது. அம்மா புடலங்காய் வெஞ்சனம் வைத்தாள்.

அய்யா கமலைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாமென்று நினைத்தும் சொல்லிவிட்டேன்.

“நம்ம பக்கத்து ஆளுக கெணத்தச் சும்மா போட்டு வைக்கிறாகன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குய்யா.”

“எந்தப் பய?”

“பெரிய படிப்பு படிச்சவரு.”

“கமலையில அவன ஒரு நாளு பூட்டணும்.” கயிற்றை இன்னொரு முறுக்கு முறுக்கினார். “நீயும் அப்பிடி எழுதலையே ஆத்தா?”

“இல்லய்யா.”

நெஞ்சறிந்த பொய். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா, “காச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 27, சனி

மதுரை. கல்லூரி நூலகம். அறிக்கையைத் தேட ஒரு மணி நேரம். மேல் தட்டு, ஏணி, ஒட்டடை.

எடுத்தால், அறுபதாம் பக்கத்திற்கு மேல் தாள்கள் வெட்டவே படவில்லை. அச்சகத்திலிருந்து வந்தபடி, விளிம்பு ஒட்டிக்கொண்டே. அதற்கு மேல் யாரும் உள்ளே போனதில்லை. 88 மடிப்புக்குள் மூடிக்கிடந்தது. கல்லூரியில் இருப்பது இந்த ஒரு பிரதிதானாம்.

கொண்டை ஊசியை எடுத்துக் கீறினேன். நூலகர் ஓடி வந்தார்.

“யம்மா, யம்மா! புஸ்தகத்தையா கிழிக்கிறே?”

“கிழிக்கலைங்க, தெறக்குறேன். இம்புட்டு வருசமா ஒருத்தரும் தெறக்கல.”

அவரே பேனாக்கத்தி கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷர்.

பக்கம் 88. கிணறுகளை எண்ணியது பங்குனி, சித்திரையில். அதாவது, ஊற்று அடியில் போய் வாளி முட்டும் காலம். இறைக்கத் தண்ணீர் இல்லாத மாதத்தில் வந்து, இறைக்காத கிணறுகளை எண்ணியிருக்கிறார்கள். அதைவிட, கீழேயே எழுதியிருக்கிறது, இந்த எண்ணிக்கையை ஆண்டு முழுமைக்கும் கொள்ளக் கூடாது என்று. அறிக்கை எழுதியவன் யோக்கியன். முயற்சி, சோம்பல் என்று ஒரு வார்த்தை இல்லை. அதெல்லாம் பேரா.வின் சொந்தச் சரக்கு.

பக்கத்தைத் திறக்காமலே அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். இந்த மனிதரா என்னை நிற்க வைத்துச் சிரிப்பு மூட்டியது!

88ஐ நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பள்ளியில் தண்ணீர்ப் பானை உடைந்தது. தலைமையாசிரியர் என்னைக் கேட்கிறார், நான் உடைத்ததுபோல.

அந்தப் பகுதியைப் புதிதாக எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். ஒரே மூச்சில். சுகமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சு. அக்கா வீடு, பேகம்பூர். அவருடைய அண்ணன் தோல் மண்டியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டு, “இதுல திட்டு எவ்வளவு, கணக்கு எவ்வளவு?” என்றார். பென்சிலைக் கையில் கொடுத்தார். அடிக்க அடிக்க எனக்கே வெட்கம்.

அடித்தவை: வெட்கக்கேடான, கண்மூடித்தனமான, அறையில் உட்கார்ந்துகொண்டு, மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத, சிறிதும் நேர்மையற்ற, இன்னும் ஏழு.

“அந்தாளு அத்தனையும் செஞ்சாரு அக்கா. உண்மைதானே?”

“உண்மையா இருக்கட்டும்மா. இதைப் படிக்கிறவன் உன் கோவத்தைத்தான் பாப்பான். 88ஆம் பக்கத்தைப் பாக்க மாட்டான். அவருக்கு அதுதானே வேணும்?”

ஒன்பது பக்கம் போய், மிஞ்சியது ஒரு பக்கம். ஒன்று, அறிக்கை எந்த மாதத்தில் எண்ணியது. இரண்டு, அது தந்த எச்சரிக்கை. மூன்று, அதை மேற்கோள் காட்டும் கட்டுரை எச்சரிக்கையை விட்டுவிட்டது. கீழே கட்டுரையின் பெயர், ஆசிரியர் பெயர், பக்கம். அடைமொழி ஒன்றும் இல்லை.

திரும்பத் திரும்ப வாசித்தேன். திட்டு இல்லாத இதுதான் அதிகம் சுடும்போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அகரம், தாடிக்கொம்பு. கிணறு கிணறாகப் போனேன். எந்த மாதம் வரை இறைக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள், ஏன். நாளெல்லாம் வெயில்.

தாடிக்கொம்புத் தோட்டத்தில் ஒரு பெரியவர்: “ஏம்த்தா, இதக் கேக்கவா பள்ளிக்கூடத்துல சம்பளம் குடுக்குறாக?”

ஒரு கிழவி மோர் கொடுத்தாள். இருபத்து மூன்று கிணறு. காலில் கொப்புளம்.

ஆகஸ்ட் 14, புதன்

அத்தியாயம் முழுவதையும் திருத்தி எழுதி, தட்டெழுத்தும் முடிந்தது. முப்பத்தாறு பக்கம். கார்பன் நகல் என்னிடம். அறிக்கை பற்றிய பகுதி பதினேழாம் பக்கம்.

மூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். “புஸ்தகமா டீச்சர்?” என்றார் தபால்காரர். ஆகும், ஒருநாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பேரா.வின் சுருக்கொப்பம். துள்ளாத குறை. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தைந்து.

பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘17 தேவையில்லை.’

உருவி எடுத்துவிட்டார். மறுத்து எழுதவில்லை, அடிக்கவில்லை, தவறென்று சொல்லவில்லை. கூந்தலில் பேன் எடுப்பதுபோல எடுத்துப் போட்டுவிட்டார். கண்ணீர் வந்தது, கோபத்தில்தான். சு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். பிறகு, “அவர் ஒப்பம் இல்லாத பக்கம் செல்லாதா?” என்று கேட்டார். செல்லாது. “அப்ப போயி வாங்கு.”

ஆகஸ்ட் 24, சனி

மதுரை. இந்தத் தடவை அறையில் வேறு யாருமில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவர் முகம் மாறியது. மாறட்டும்.

கார்பன் நகலை முன்னால் வைத்தேன். “பதினேழு விட்டுப்போச்சு சார்.”

“விட்டுப்போகல. எடுத்தேன்.”

“அதுல என்ன தப்பு இருக்குன்னு சொன்னா திருத்திடுறேன் சார்.”

“தப்பு இல்ல. அவசியம் இல்ல.” குரலைத் தணித்தார். “இங்க பாரும்மா. உனக்குப் பட்டம் வேணுமா, என் மேல குத்தம் கண்டுபிடிக்கணுமா?”

“நீங்க அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா சார்?”

நகலை என் பக்கம் தள்ளினார்.

“இத எடுத்துட்டா அடுத்த வருஷம் முடிச்சிடுவே. பிடிவாதம் பிடிச்சா நான் வழிகாட்ட முடியாது. யோசிச்சுக்க.”

யோசித்தேன். ஒரு வருஷம். இரண்டும் ஆகலாம். வேறு வழிகாட்டி கிடைக்காமலும் போகலாம். நாற்காலியை விட்டு எழவில்லை.

“சரிங்க சார். பதினேழாம் பக்கம் வேண்டாம்கிறதுக்குக் காரணத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிட்டு வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

வெள்ளைத் தாளை எடுத்தார். தேதி போட்டார். பேனா நின்றது. அவ்வளவு நேரம் ஒரு மனிதர் ஒரு வாக்கியத்துக்குத் திணறி நான் பார்த்ததில்லை. அறிக்கை தவறு என்று எழுத முடியாது. நான் தவறு என்றும் முடியாது. ‘என் கட்டுரையைக் குறை சொல்கிறாள்’ என்று எப்படி எழுதுவார்?

தாளைக் கசக்கினார். என் நகலை இழுத்துக் கீழே சுருக்கொப்பம் போட்டார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

“போம்மா.”

நன்றி சொல்லவில்லை.

பஸ்ஸில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதே எரிச்சல், வாடிப்பட்டி தாண்டியும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாலு தூறல். புழுதி அடங்கவில்லை, வாசனை மட்டும்.

இரண்டாம் அத்தியாயத்துக்காக என் கிணற்றுப் பட்டியலை எடுத்தேன். அந்த நோட்டிலும் நடுக்கோடு போட்டு, என்னையே அந்த மூன்று கேள்விகள் கேட்டேன். அகரத்தில் ஐந்தாவது கிணறும் பதினொன்றாவதும் ஒன்றுதான். அண்ணன் தம்பி பங்குக் கிணறு. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு இரண்டாக எழுதிவிட்டேன். இருபத்து மூன்று இல்லை, இருபத்திரண்டு. ஒப்பம் போட்ட அத்தியாயத்தில், இருபத்தாறாம் பக்கத்தில், இருபத்து மூன்று என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

ஒரு கிணறு. முடிவு மாறாது. ஆனால் பேரா. பார்த்தால் விடுவாரா? பார்க்க மாட்டார். அவர் எந்தக் காலத்தில் எதைத் திறந்து பார்த்தார்?

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் செத்த நேரம் அறைக்குள் நடந்தேன்.

பிறகு தாள் எடுத்துத் தேதி போட்டேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, 26ஆம் பக்கத்தில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது.’