மேற்கே பார்த்து நின்ற கெளுத்தி

மீசைக்கார மாப்ளைக்கு, உன் மச்சான் எழுதுவது. நல்லா இருக்கியா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை. ஐந்தாவதோடு நின்ற எழுத்து, தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் சரியாகிவிடும்.

சித்திரையில், வத்தல் காயப்போட்ட களத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் கொட்டியது பார் மழை, நீ இருந்தால் ஆடியிருப்பாய். குண்டாறு வந்தது. நம் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கில் வழிந்து ஆற்றுக்கு ஓடியது. சினை வயிற்றோடு கெண்டைகள் தண்ணீரை எதிர்த்து ஆற்றிலிருந்து மேலே ஏறின. ஊரே கூடையும் வலையுமாகக் கலுங்கில் இறங்கிவிட்டது.

நீ ஒருத்தன்தான் தூண்டிலோடு நிற்பாய். முட்டையிட ஏறுகிற கெண்டையைத் தொட மாட்டாய். அதன் பின்னாலேயே முட்டை தின்ன வரும் கெளுத்திதான் உனக்குக் குறி. மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. கோழியின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் கட்டி, என் தங்கச்சி பேச்சியின் சேலையில் உருவிய ஆரஞ்சு நூலை மீன் முட்டை மாதிரி உருட்டி வைத்து, தண்ணீரின் மேலாக வீசி வீசி இழுப்பாய்.

"பொண்டாட்டி சேலையக் காட்டி மீன மயக்குறியேலே" என்பேன்.

"நீ ஒன் வேட்டியக் காட்டிப் பாரு மச்சான். தவளைகூட எட்டிப் பாக்காது" என்பாய்.

அந்த ஏறுகிற மீனோடு அந்த வருசம் செத்தவர்களும் மேற்கே ஏறிப் போவார்கள் என்பது நம் பக்கத்துப் பேச்சு. மீன் ஏறும் முதல் நாள் சாவு விழுந்த வீட்டு ஆளோ, அந்த வீட்டுக்காக வேறு யாருமோ முள் போடக் கூடாது. உன் அய்யா செத்த வருசம் நீ தூண்டிலைத் தொடாமல் வீட்டில் கிடந்தாய். "ஒங்கய்யா மீனுக்குள்ள எப்படிலே புகுந்தாரு, அந்தத் தொந்தியோட?" என்று நான் கேட்டதற்கு, சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஞாபகம் இருக்கிறதா?

இந்த வருசம் முதல் நாளே பேச்சி என் பொரிகடலைக் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் உன் தூண்டில். முள்ளில் புதிதாக ஆரஞ்சு நூல்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு. உசுரோட வேணும்."

"எதுக்கும்மா?"

"இன்னைக்கு அவுக ஏறிருவாக. ஏறவிட்டுட்டா அப்புறம் எங்கிட்டுப் போயித் தேடுவேன்?"

சித்திரையிலிருந்து ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடாதவள். அவளிடம் எப்படி முடியாது என்பேன்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

நீ நிற்கும் பாறையிலிருந்து வீசினேன். முதல் வீச்சிலேயே நூல் இறுகியது. துள்ளவில்லை, வெட்டி இழுக்கவில்லை. ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிற மாதிரி கூடவே வந்தது. முழங்கை நீளக் கெளுத்தி. கெளுத்தி என்றால் மார்பு முள்ளை விரித்துக் கையைக் கிழிக்காதா? இது முள்ளை மடக்கிக்கொண்டு என் கையில் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு சத்தம் போட்டது. ம்க்கும்.

தண்ணீரை விட்டு எடுத்தால் கெளுத்தி கத்தும், எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று நீ தொண்டையைச் செருமுவாயே, அது எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

பேச்சி அதை மாட்டுத் தொட்டியில் விட்டாள். தொட்டி ஓரமே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். சோறு போட்டாள், மீன் தின்னவில்லை. அது மேற்குச் சுவரில் மூக்கை வைத்தபடியே நின்றது. திருப்பிவிட்டால் திரும்பவும் மேற்கே. உச்சி வெயிலில், ஒரு அலைகூட இல்லாத தண்ணீருக்குள்ளிருந்து செருமல் கேட்கும். கறவை மாடு அந்தத் தொட்டியில் வாய் வைக்க மறுத்தது.

ஒரு மதியம் அவள் வட்டிலைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிச் சோறு அவளுக்கு, பாதி அதற்கு. ஆள் பாதியாகியிருந்தாள். எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். கேலி.

"ஏம்மா, உசுரோட இருந்தப்ப குளின்னு சொன்னா ஓடுவான். இப்ப நாள் பூராம் தண்ணிக்குள்ள இருக்கானாக்கும்?"

சிரித்துவிட்டாள் மாப்ள. நீ போனதற்குப் பின் முதல் சிரிப்பு. அது முடியுமுன் தொட்டிக்குள் ம்க்கும்.

"கேட்டியாண்ணே? கோவத்துல இருக்காக."

கையை விட்டுத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. மீசை ஒன்று முறிந்திருந்தது.

"கோவம் இல்லம்மா. வழி கேட்டு முட்டிக்கிட்டுக் கெடக்கான். கலுங்குல தண்ணி நிக்கப் போகுது. இன்னைக்கு விடலைன்னா இவன் ஏற வழியில்ல."

அவள் அந்த முறிந்த மீசையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளே குடத்தை எடுத்து வந்தாள். என்னைத் தூக்க விடவில்லை.

கலுங்கில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. குனிந்து, அதன் முகத்தை மேற்கே திருப்பிப் பிடித்தாள். கையை எடுத்த பிறகும் அது போகவில்லை. அவள் விரலோரமே நின்றது. தினமும் நீ காட்டுக்குக் கிளம்பும்போது சொல்வாளே, அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"பாத்துப் போயிட்டு..."

நிறுத்திக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.

போய்விட்டது. அன்று ராத்திரி அவள் வீட்டுக்குள் படுத்தாள், இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு.

மறுநாள் மதியம் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில், எனக்கு முதுகுப் பக்கம், ம்க்கும். தேய்த்த கை அப்படியே நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாருண்ணே அது?" என்றாள் உள்ளிருந்து பேச்சி.

நானும் ஒரு தரம் செருமினேன். "நாந்தாம்மா. தூசி."

மாப்ள, வந்தது நீதான் என்றால் இதைக் கேட்டுக்கொள். அடுத்த மழைக்குக் கலுங்கில் நான் முள் போட மாட்டேன், அவள் கேட்டாலும் போட மாட்டேன். வாசலில் யாரென்று அவள் கேட்கிற போதெல்லாம் நான்தான் என்று சொல்ல நான் இருக்கிறேன். ஆரஞ்சு நூல் எங்கே மிதந்தாலும் வாய் வைக்காமல், திரும்பாமல் மேலே ஏறு.

உன் பேச்சிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்.